காகம் சொன்ன இரண்டு விலை

புளியமரத்துக் காகம் கடலை வியாபாரம் செய்துவந்தது. அங்கே காசுக்குப் பதில் நெல்மணி. ஒருநாள் வானம் கறுத்துக்கொண்டு வரவும், அணில் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"காக்கா அண்ணே, மழை வரப்போவுது. வீட்டுல ஒரு கடலைகூட இல்ல. எப்படியாவது வாங்கியாகணும், என்ன விலை?"

காகம் நிதானமாக அலகைக் கிளையில் தீட்டிக்கொண்டது. "ஒரு கடலை பதினஞ்சு நெல்லு."

அணில் எண்ணிக் கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள் மைனா வந்து உட்கார்ந்தது. வாங்க வந்ததா, விற்க வந்ததா என்று மூச்சு விடவில்லை. "கடலை என்ன விலைண்ணே?" என்றது, அவ்வளவுதான்.

காகத்துக்குப் பிடி கிடைக்கவில்லை. ஏற்றிச் சொன்னால் மைனா விற்றுவிட்டுப் போய்விடும். இறக்கிச் சொன்னால் வாங்கிக்கொண்டு போய்விடும். "நீ கொடுத்தா பத்து தர்றேன், எடுத்தா பன்னிரண்டு குடு" என்றது. மைனா சிறகுக்குள்ளிருந்து பன்னிரண்டு மணியை உதிர்த்துவிட்டுக் கடலையோடு பறந்தது.

அணிலுக்கு வயிறு எரிந்தது. இருக்கட்டும், எனக்கும் பேசத் தெரியும் என்று கறுவிக்கொண்டது.

மறுநாள் வேடிக்கை பார்க்க வந்ததுபோல மெதுவாக மரமேறியது. மழைப் பேச்சையே எடுக்கவில்லை. கொட்டாவி விட்டபடி கேட்டது: "சும்மாதான் கேக்கறேன். கடலை என்ன விலை?"

காகம் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. முதுகில் இருந்த நெல் மூட்டையைப் பார்த்தது.

"கொடுத்தா பதிமூணு, எடுத்தா பதினஞ்சு."