நான்காவது பித்தளைத் துண்டு

"சத்தியமா அந்த ரிலேயில நான் கைவைக்கலண்ணே. தூசி தொடைக்கக்கூட பயந்துக்கிட்டு, கண்ணாடிக்கு வெளியவேதான் தொடைப்பேன்."

துணை மின்நிலைய ஆபரேட்டர் பாண்டீஸ்வரி இதைச் சொல்வது மூன்றாவது முறை. முத்திருளன் தலையை மட்டும் ஆட்டினார்.

ரிலேக்களைச் சோதிப்பதுதான் பத்தொன்பது வருடமாக அவர் வேலை. கப்பலூரிலிருந்து வெயிலில் பைக் ஓட்டி வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை. அந்தத் துணை மின்நிலையத்துக்கு விசாரணைக் குழு வருவது நாளைதான்.

"பொம்பளப் பிள்ள தனியா மாட்டிக்கிட்டு நிக்கிதேன்னுதான் ஒரு நாள் முந்தியே வந்தேன்" என்றார்.

"டீ வாங்கியாரவாண்ணே?"

"வேணாம்மா. சுகரு. டீயை விட்டு ரெண்டு வருசமாச்சு."

கம்பி அறுந்து மண்ணைத் தொட்டால் அடுத்த நொடியே லைனைத் துண்டிக்க வேண்டியது அந்த ரிலே. ஐந்து நாட்களுக்கு முன், ஆடிக் காற்றில் கம்பி அறுந்து பருத்திக் காட்டில் விழுந்தபோது அது நடக்கவில்லை. பருத்தி எடுத்துக்கொண்டிருந்த ராக்கம்மாளின் மேல் ஆறு நிமிடம் கம்பி மின்சாரத்தோடு கிடந்தது.

"ஊர்க்காரங்க போன் பண்ணவும் நான்தான் கையால நிறுத்துனேன். எஞ்சினியரு, ஏ.இ. கேட்டாருன்னு பேனலைப் போட்டோ எடுத்து அனுப்புனேன். அம்புட்டுதாண்ணே எனக்குத் தெரியும்."

"அவரு என்ன சொல்றாரு?"

"காத்துல லைன் சும்மா சும்மா ட்ரிப் ஆயி நிக்கிதுன்னு எரிச்சல்ல நான்தான் எதையோ திருகி வச்சிட்டேனாம். நான் இங்க வந்தே ரெண்டு மாசந்தான். இந்த லைன் ஒரு தடவகூட ட்ரிப் ஆனதில்ல. நல்ல லைனு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

முத்திருளன் பேனல் பக்கம் திரும்பினார். ரிலேயின் மேல் ஒட்டியிருந்த தாளில் 'சோதனை சரி, மார்ச்' என்றிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து.

வெளியே, கேட்டுக்கு அருகில், ராக்கம்மாளின் புருஷன் விருமாண்டி குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் வருவார். இருட்டும்போது எழுந்து போவார். சத்தம் போடுவதில்லை. உள்ளே வருகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்பார். முத்திருளனிடமும் கேட்டிருந்தார்.

"தன்னால நின்னுருக்கணுமாமே சாமி. ஏன் நிக்கல?"

"அதப் பாக்கத்தான்யா வந்திருக்கேன்."

சோதனைப் பெட்டியைத் திறந்த முத்திருளன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு டீ வாங்கிட்டு வாரியாம்மா?"

"இப்பத்தான வேணாம்னீங்க?"

"தலவலி."

"டூட்டியில வெளிய போகக்கூடாதேண்ணே."

"நான் இருக்கேன்ல. போயிட்டு வா."

கடை ரோட்டு முக்கில் இருந்தது. அவள் அரை ஓட்டமாகப் போய்த் திரும்பியபோது, அவர் வேர்த்து நின்றிருந்தார். டீயை வாங்கி ஓரமாக வைத்தார்.

அதன்பிறகு அவள் பார்க்கவே சோதனை நடந்தது. பேனலின் முகப்பில், ரிலேக்குக் கீழே, விரல் நீளப் பித்தளைத் துண்டுகள் வரிசையாகத் திருகப்பட்டிருந்தன. அதில் ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒயர்களை மாட்டி, சோதனைப் பெட்டியின் குமிழைத் திருப்பினார்.

'டக்'. ரிலேக்குள் சிவப்புக் கொடி விழுந்தது.

"நல்லாத்தான் வேல செய்யிது" என்றார்.

பாண்டீஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப ரிலே மேல தப்பில்லன்னு எந்தலையிலதான் விடியும்."

"உள்ளத உள்ளபடிதானம்மா எழுத முடியும். நீ ஒண்ணு செய்யி. தெரியாமத் தொட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துரு. புதுசுன்னு எரக்கப்படுவாங்க. நானும் சொல்றேன்."

"தொடாததத் தொட்டேன்னா? ஒரு பொம்பள உசுரு போயிருக்குண்ணே. அத நான்தான் எடுத்தேன்னு எங்கையாலயே எழுதவா?"

அவர் நிமிரவில்லை. ஒயர்களைச் சுருட்டினார். மேசையிலிருந்த துண்டை எடுத்து, அதன் இடத்தில் வைத்துத் திருகினார். டீயில் ஆடை படிந்திருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

பாண்டீஸ்வரி அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத எதுக்குண்ணே கழட்டி மாட்டுறீங்க?"

"கழட்டாம டெஸ்ட் பண்ணுனா நெசமாவே ட்ரிப் ஆயி, ஊரே இருட்டாயிருமே."

"முடிச்சிட்டு மாட்டலைன்னா?"

"ரிலே பாட்டுக்கு அடிச்சிக்கிட்டுக் கெடக்கும். லைன் நிக்காது."

பத்தொன்பது வருடப் பழக்கம். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

அவள் போனை எடுத்து, ஏ.இ.க்கு அன்றைக்கு அனுப்பிய போட்டோவை விரித்துப் பெரிதாக்கினாள். பேனலைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். கேட்டருகே விருமாண்டி இருமுவது கேட்டது.

"சார்" என்றாள். குரல் தணிந்திருந்தது. "அன்னிக்கி இந்த வரிசையில மூணு துண்டுதான் இருந்திருக்கு. நாலாவது எடம் வெறும் ஓட்ட. நான் டீ வாங்கப் போயிட்டு வாரதுக்குள்ள நாலாயிருச்சு."

முத்திருளனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மார்ச் மாதம் சோதனைக்காகக் கழற்றி, மாட்ட மறந்து, நேற்று வரை அவருடைய கருவிப்பெட்டியின் அடியில் கிடந்த அந்தத் துண்டு, இன்று காலை வரும்போது அந்தப் பையில்தான் இருந்தது.