பாட்டுப் பரீட்சை

நுவரெலியாக் காட்டின் நீலச் சீட்டிக்குருவிகளில் மிஞ்சியவை பன்னிரண்டு குஞ்சுகள்தான். பாட்டுச் சொல்லித்தரத் தாய் தகப்பன் இல்லாததால், வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து, பழைய ஒலிப்பதிவைப் போட்டு வளர்க்கச் சொன்னார்கள் வனத்துறையினர். பரீட்சையில் அந்தப் பாட்டைப் பாடாத குருவிக்குக் காடு கிடையாது, ஆயுசுக்கும் கூண்டுதான்.

யோகமலர் வளர்த்த ஆண் குருவி, அதிகாரி சுகந்தினியின் முன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, குக்கர் மாதிரியே மூன்று விசில் அடித்தது.

யோகமலரின் கணவன் தனபாலன் அடுப்பை அணைக்க உள்ளே ஓடினான்.

“தெனமும் பதிவத்தான் போட்டேன் மேடம்,” என்றாள் யோகமலர் அழாக்குறையாக. “இந்தப் பய குசினிக் குக்கரையே கேட்டுக்கிட்டு இருந்திருக்கான்.”

சுகந்தினி ‘தோல்வி’ என்று எழுதப் பேனாவைத் திறந்தார். குருவி விடவில்லை. மறுபடியும் மூன்று விசில்.

எதிர்மலைக் காட்டிலிருந்து பதில் வந்தது, நாலு விசில்! அடித்த பெட்டைக் குருவியே பறந்து வந்து கூண்டின் மேல் உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்தது.

சுகந்தினியின் முகம் சிவந்துவிட்டது. பேனாவை மூடிவிட்டுக் கூண்டைத் திறந்தார்.

“அது நான் வளத்தது. நானே பாஸ் போட்டுக் காட்டுல விட்டுட்டேன்,” என்றார் மெதுவாக. “எங்க வீட்டுப் பருப்பு நாலு விசிலுக்குத்தான் வேகும்.”