கார் ஷெட்டில் ஒரு லேத்

"அவன் விரலைத் தின்ன மெஷினை வீட்டுக்குள்ளயே கொண்டாந்து வெச்சிருக்கியே, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா வெரோனிகா?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக லாஸ்பேட்டைக்கு வந்த ஸ்டெல்லாமேரி, தம்பி வீட்டு கேட்டைக்கூடச் சாத்தாமல் கத்தினாள்.

கார் இல்லாத கார் ஷெட்டில், புதுசாகப் போட்ட சிமென்ட் தரைமேல் பச்சைப் பெயின்ட் அடித்த, இரும்பு கடையும் பழைய லேத் ஒன்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வெரோனிகா. துப்பட்டா இல்லை. சுடிதார் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள்.

"மெஷின் தின்னல அண்ணி. சுத்துற ராடுல சிக்கும்னு தெரிஞ்சும் கையுறை மாட்டிக்கிட்டு ஓட்டச் சொன்ன சூப்பர்வைசர்தான் தின்னான். இங்க கையுறையும் கிடையாது, சூப்பர்வைசரும் கிடையாது."

"பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல!"

உள்ளே டிவி முன்னால் ரிச்சர்ட் உட்கார்ந்திருந்தான். கம்பெனி லேத்தில் முதல் தர டர்னர் என்று பேர் வாங்கியவன். போன வருசம் வலது கையில் ரெண்டு விரல் போனது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த நாற்காலிதான் அவனுக்கு உலகம். கையை ஒரு துண்டால் சுற்றி மடியிலேயே வைத்திருப்பான். பேச்சும் குறைந்துவிட்டது.

"தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவன் சாகணுமா?"

"கேக்கட்டும் அண்ணி."

ஸ்டெல்லாமேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நீ பேக்கிங்ல டப்பா ஒட்டினவதானடி? உனக்கு இதைப் பத்தி என்ன தெரியும்?"

"வினோத்குமார் பட்டறைக்குப் போய்க் கத்துக்கிட்டேன். இவர்கிட்ட வேலை பழகின பையன்தான். காலைல அவன்தான் வந்து மெஷினை இங்க நிறுத்தி, லெவல் பாத்துக் குடுத்துட்டுப் போனான். தள்ளி நில்லுங்க, இரும்புத்தூள் தெறிக்கும்."

ஸ்விட்சைப் போட்டாள். லேத் உறுமிக்கொண்டு சுற்றியது. ஸ்டெல்லாமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெரோனிகா ஒரு இரும்பு ராடைக் கடைந்தாள். மெஷினை நிறுத்தி அளந்து பார்த்தாள்.

"என்னமோ தப்பா இருக்கே. ஒரு முனை தடியா வருது, ஒரு முனை மெலிசா வருது."

இன்னொரு முறை கடைந்தாள். அதேதான்.

"பாத்தியா? தெரியாத வேலைல கைய வெச்சா இப்படித்தான்" என்றாள் ஸ்டெல்லாமேரி.

உள்ளே டிவி சத்தம் குறைந்தது.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல அண்ணி" என்று வெரோனிகா குரலை உயர்த்தினாள். "ராடுதான் மட்டம். கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"ராடு என்ன பண்ணும்?"

இருவரும் திரும்பினார்கள். வாசல்படியில் ரிச்சர்ட் நின்றுகொண்டிருந்தான்.

"சத்தத்தைக் கேட்டாலே தெரியுது, மெஷின் முறுக்கிக்கிட்டு நிக்குது. லெவல் பாத்தீங்களா?"

"பாத்தாச்சுங்க."

"கிழிச்சீங்க. ரசமட்டத்தை எடு."

படியிறங்கி வந்து லேத்தின் ஒரு முனையில் ரசமட்டத்தை வைத்தான். தலையாட்டினான். மறு முனையில் வைத்தான். குமிழி ஒரு ஓரமாக ஓடியது. அப்படியே தரையில் மண்டியிட்டான்.

"ஸ்பேனர்."

வெரோனிகா நீட்டினாள். துண்டு எப்போதோ கீழே விழுந்திருந்தது. மிச்சமிருந்த விரல்களால் ஸ்பேனரைப் போல்ட்டில் பொருத்திப் பிடித்து, இடது கையால் அழுத்தித் திருகினான்.

"டேய், கைய பாத்துடா!" என்று பதறிக் குனிந்தாள் அக்கா.

"அக்கா, வெளிச்சத்தை மறைக்காத."

மறுபடி ரசமட்டம். மறுபடி ஒரு சின்னத் திருப்பு. குமிழி நடுவில் வந்து நின்றது. எழுந்தான். வெரோனிகாவை ஓரமாக நகர்த்திவிட்டு மெஷின் முன்னால் நின்றான். ஸ்விட்சைப் போட்டான்.

ராடிலிருந்து இரும்புச் சுருள் நீளமாக, அறுந்துபோகாமல் உரிந்து வந்தது.

"இப்ப அளந்து பாரு."

ரெண்டு முனையும் ஒரே அளவு.

ரிச்சர்ட் சிரித்தான். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாயிருந்தது.

"வினோத் நிறுத்தின லட்சணமா இது? போனைக் குடு." வாங்கினான். "ஏன்டா, இத்தனை வருசம் என்கிட்ட என்னத்தடா கத்துக்கிட்ட? ஒரு போல்ட்டு லூசா கிடக்குது, விட்டுட்டுப் போயிருக்க... சரி, விடு. உன் பட்டறைல தேங்கிக் கிடக்குற வேலை இருந்தா நாளைக்கு அனுப்பு. நான்தான் பண்ணுவேன்."

போனை வெரோனிகா கையில் திணித்துவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுப்படியில் ஸ்டெல்லாமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்னைய என்னென்னமோ பேசிட்டேன். மாதாவே பாத்துத்தான் அந்த லெவலைக் கெடுத்திருக்கா வெரோனிகா."

வெரோனிகா காபிக்குப் பால் வைத்தாள். போன் அடித்தது. வினோத்குமார்.

"அண்ணி, அண்ணன் திட்டினது பத்தி ஒண்ணுமில்ல, அவர் குரலைக் கேட்டதே சந்தோசம். ஆனா ஒண்ணு மட்டும் புரியல. காலைல நீங்களும் நானும் சேர்ந்துதானே பாத்தோம்? எல்லாப் போல்ட்டையும் நான் இறுக்கிட்டுத்தானே போனேன்?"

வெரோனிகா கார் ஷெட் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நீ வெச்ச லெவல் கச்சிதமாத்தான் இருந்துச்சு தம்பி. நீ தெருமுனை தாண்டினதும் ஒரு போல்ட்டை நான்தான் தளர்த்திவிட்டேன்."