நான்கு பேருக்கு மூன்று நாள்

மூன்று நாளுக்கு வெளியே தலைகாட்ட முடியாதபடி பனிப்புயல் வருகிறது என்று வானொலியில் சொன்னதும், ஆர்லன் மகள் சிக்னேயை அழைத்துக்கொண்டு கடைக்கு ஓடினார்.

"கரண்டு போயிடும்மா. சமைக்காம சாப்பிடற மாதிரி, கொஞ்சத்துலயே நிறைய கலோரி இருக்கறதா எடுக்கணும்."

அவர் எடுத்த சூப் டின்னைச் சிக்னே வாங்கித் திரும்ப வைத்தாள்.

"இது வெறும் தண்ணிப்பா. பீனட் பட்டர் எடுங்க. ரெண்டு ஸ்பூனுக்கு நூத்தித்தொண்ணூறு. பாதாம் ஒரு கைப்பிடி நூத்தியறுபது."

"டப்பாவைப் பார்க்காமலே சொல்றியே?"

"எல்லாம் மனப்பாடம்பா."

பதினாறு வயது மகள் சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று! ஆர்லனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவள் கைகாட்டியதையெல்லாம் தள்ளுவண்டியில் அள்ளிப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவளே ஆளுக்கொரு பெட்டியாகப் பிரித்து, பெயர் எழுதி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அவர் மனைவி டோரீன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அப்பா, அம்மா, தம்பி நெல்ஸ் மூவருக்கும் வேளைவாரியாக உணவு நிறைந்திருந்தது.

நான்காவது பெட்டியில் சிக்னேயின் பெயர். உள்ளே தண்ணீர் பாட்டில்கள் மட்டும்.

"ஆஸ்பத்திரில அவளுக்கு மூக்கு வழியா குழாய் விட்டு ஊட்டினாங்களே, ஒரு மாசம்கூட ஆகலையே ஆர்லன்," என்றாள் டோரீன். "சரியாயிட்டாள்னு நெனச்சேனே."

எதையெல்லாம் வாயில் வைக்கக் கூடாது என்று மகள் எடை கூடிவிடுமோ எனப் பயந்து பயந்து மனப்பாடம் செய்த எண்களைக் கேட்டுத்தான் ஆர்லன் கடையில் பூரித்துப் போயிருந்தார்.