முத்தல் இலை

பதினொரு மணிக்கு நஞ்சப்பனுக்குப் பரீட்சை.

அவருக்கு முன்னால் உள்ளே போன நால்வரும் சிரித்த முகத்தோடு வெளியே வந்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று கடைசி ஆள் சொன்னது கதவைத் தாண்டிக் கேட்டது.

பச்சைத் தேயிலை விலை விழுந்ததில், பிக்கட்டிப் பக்கம் அவர் இலை எடை போட்டுக்கொண்டிருந்த ஃபாக்டரியைப் பூட்டிவிட்டார்கள். ஊட்டியில் இணையதளம் செய்து தரும் அலுவலகத்துக்கு ஆள் தேவை, அனுபவம் தேவையில்லை என்று விளம்பரம் வந்தது. இதுவும் இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துகொண்டு திருப்பூருக்கு இறங்க வேண்டியதுதான்.

"கம்ப்யூட்டர் தெரியுமான்னா, தெரியும்னு சொல்லிப்போடுங்க" என்று மனைவி மருதாம்பாள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

உள்ளே வர்ஷா என்ற பெண் அவரைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தாள்.

"பழக்கம் உண்டுங்களா சார்?"

"உண்டுங்க அம்மிணி."

ஏனோ அவள் முகம் வாடியது. "இது ஒரு டீத்தூள் கடையோட வெப்சைட். இதுல அரைக்கிலோ தூள் வாங்குங்க. நான் ஒண்ணும் சொல்லித்தர மாட்டேன். மனசுல தோணுறதை வாய்விட்டுச் சொல்லிட்டே செய்யுங்க."

மௌஸைப் பிடித்த பிடியிலேயே நஞ்சப்பனின் சாயம் வெளுத்துவிட்டது. வர்ஷா நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். தப்பை எண்ணத்தான் என்று அவர் நினைத்தார்.

திரையில் மலை நகர்ந்தது. பச்சைமேல் பச்சையாக எழுத்துகள் ஓடின.

"படிக்கறதுக்குள்ள ஓடிப்போயிருது. விலை எங்கீங்க போட்டிருக்குது?"

அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். மலையை அமுக்கினார். பூவை அமுக்கினார். எங்கிருந்தோ புல்லாங்குழல் கிளம்பியது. நிறுத்த வழி தெரியவில்லை. சுற்றிச் சுற்றி அதே மலைக்கே வந்து நின்றார். ஊட்டிக் குளிரிலும் சட்டை முதுகில் ஒட்டியது.

"விக்கறதுக்குக் கடை போட்டுட்டு, தூளை எங்கீங்க ஒளிச்சு வெச்சிருக்கான்? குருடன் குருடனுக்குக் கடை தொறந்த மாதிரி இருக்குது."

எதிர் மேசையிலிருந்த தீபக் என்ற பையன் பொறுக்காமல் தலையைத் தூக்கினான். "அந்த இலையை அமுக்கினா..."

"நீ பேசாத" என்றாள் வர்ஷா.

நஞ்சப்பன் திரை ஓரத்திலிருந்த இலைப் படத்தைக் கண்ணருகே போய்ப் பார்த்தார். "இதுங்களா? முத்தல் இலைங்க இது. காலம் பூரா சாக்கிலிருந்து பொறுக்கி வீசினது. இதைப் போய் எவன் தொடுவான்?"

தீபக்கின் காது சிவந்தது.

அதற்குமேல் முடியவில்லை. நஞ்சப்பன் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார்.

"பொய் சொல்லிப்போட்டனுங்க அம்மிணி. எனக்கு இந்தக் கருமமெல்லாம் தெரியாது. மத்தவங்கள்ல யாருக்காச்சும் வேலையைக் குடுங்க."

வர்ஷா ஓடிவந்து வாசலை மறித்து நின்றாள்.

"பரீட்சை உங்களுக்கில்லைங்க சார், தீபக் செஞ்ச வெப்சைட்டுக்கு. நாளையிலிருந்து வேலைக்கு வந்து, தினமும் இப்படியே திட்டறீங்களா?"