கன்னடம் மட்டும்

2024 ஜூன் 11. மைசூரு விஜயநகரில் உள்ள பேச்சுப் பயிற்சி மையத்தில், டவுன் சிண்ட்ரோம் உள்ள நான்கு வயது தன்விகாவுக்கு முதல் வகுப்பு. "வீட்ல என்ன பேசறீங்க?" என்று தமிழில் கேட்கிறார் பயிற்சியாளர் ஸ்நேஹா. "கன்னடம் மட்டுந்தானுங்க. ரெண்டு பாஷைன்னா புள்ளைக்குக் கொழம்பிரும்னு சொன்னாங்க," என்கிறாள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூரிலிருந்து வந்திருக்கும் தமிழ்க்கார அம்மா தீபா. "உங்களுக்குக் கன்னடம் நல்லா வருமா?" "சந்தையில பேசற அளவுக்குத்தானுங்க. அதனால அவகிட்ட அதிகமாப் பேசறதே இல்லீங்க." ஸ்நேஹாவின் பேனா நிற்கிறது. "ரெண்டு பாஷையால குழம்பாதும்மா. தமிழ்லயே பேசியிருக்கலாமே." மின்விசிறி கிறீச்சிடுகிறது. ஜன்னல் வெயில் விழும் பாயில் ஒரு மரப் பூனையும் பம்பரமும் கிடக்கின்றன. தீபா குனிந்து, தமிழில், "அந்தப் பூனைய எடுத்துக் குடு சாமி," என்கிறாள். தன்விகா அம்மாவின் உதட்டையே பார்க்கிறாள். பிறகு சிரித்தபடி பம்பரத்தை நீட்டுகிறாள். 'தாய்மொழி புரிகிறதா' என்ற கட்டத்தில் ஸ்நேஹா 'இல்லை' என்று எழுதுகிறார்.