கட்டைவிரல் அகலப் பட்டன்

திருப்பதி அலுவலகத்தின் ஜன்னல் வெயில் கன்னிகாவின் கீபோர்டில் விழுந்து கிடக்கிறது. திரையில் அவள் செய்த பச்சை பட்டன், கட்டைவிரல் அகலம். லாட்ஜ், பள்ளிக்கூடம், மாங்காய் மண்டி என்று மூன்று இணையதளங்களுக்கும் அது ஒன்றுதான். இங்கே அதை மாற்றினால் மூன்றிலும் மாறும். பின்னால் மேனேஜர் ரமணா பேனாவைத் தட்டிக்கொண்டே நிற்கிறார். “பட்டன் அசிங்கமா கீதுன்றாரு லாட்ஜ்காரு. பாதியா கொறைச்சு உனக்கு அனுப்பிட்டேன். நீ ஓகே குடுத்தாத்தான் ஏறும், குடும்மா.” “லாட்ஜுக்கு மட்டும் சின்னது தனியா பண்ணித் தரேன் சார். சாயங்காலம் ஆவும்.” “அவரு லைன்ல காத்துக்கினு கீறாரு. இப்பவே வேணும்.” கன்னிகா திரும்புகிறாள். “பங்காருபாளையத்துல எங்க நைனா மாங்காப் பால் பட்டு வெந்த வெரலால இத்த அமுக்குறாரு சார். முன்ன சின்னதா இருந்தப்போ தப்பா அமுக்கி, மண்டியில பதிஞ்ச எடம் போயி, ஒரு லோடு மாங்கா அழுகிச்சு.” “நான் மேனேஜர்மா.” “தெரியும் சார்.” பேனா நின்றுவிடுகிறது. ரமணா அனுப்பிய மாற்றத்தின் கீழே ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று இரண்டு பட்டன்கள், இரண்டுமே கடுகு போல. அவர் கண்ணெதிரே மவுஸை நிதானமாக நகர்த்தி, குறி தப்பாமல் ‘மறுக்கிறேன்’ மேல் அமுக்குகிறாள்.